அணைக்க அனுமதி இல்லை

எண்பத்தேழாம் வருஷம் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அன்றைக்கு ஆபீஸில் எல்லாருக்கும் பிரியாணி வந்தது. டைப்பிஸ்ட் ஜெயபுஷ்பத்துக்கு மட்டும் கூடவே பேஜாரும் வந்தது.

அதுவரை அவள் வேலை நேரான வேலை. கப்பலுக்குப் போகிற பெட்டிகளில் எதில் எத்தனை தோல், எவ்வளவு சதுர அடி என்று டைப்ரைட்டரில் அடிப்பாள், உருவிக் கொடுப்பாள், முடிந்தது. இப்போதோ காலையில் போய் உட்கார்ந்தால் "நீ யார்?" என்று கேட்கிறது. அந்த அறையில் அவளை விட்டால் மின்விசிறிதான் இருக்கிறது. பெயரைச் சொன்னால் ரகசியச் சொல் வேண்டுமாம். அதையும் சொன்னால், என்ன மாதிரித் திரை என்கிறது. தன் திரை தனக்கே தெரியாத ஜென்மம்! ஒரு பக்கம் அச்சடிக்கச் சொன்னால், வரிசையில் போட்டிருக்கிறேன் என்கிறது. யாரோடு வரிசை? இது இருபது பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வதற்கான ஏற்பாடு என்று மெட்ராஸ் என்ஜினியர் சம்பத் பெருமையாகச் சொல்லியிருந்தான். இருப்பது ஒருத்தி. ஒண்டிக்கட்டைக்குக் குடிசை கேட்டால் இருபது கதவு வைத்து, எல்லாவற்றுக்கும் பூட்டும் போட்டுக் கொடுத்துவிட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கற்றுக்கொண்டாள். வருஷக்கணக்காக அவள் டெம்பரரி. புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. மேனேஜர் நிசார் அகமது வாயைத் திறந்து சொல்லியிருந்தார்.

"இந்த ஜெர்மனி சரக்கு பேப்பர் மிஷின்லேந்து ஒழுங்கா வந்துடட்டும்மா. உன்னை பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு."

வினை வியாழக்கிழமையில் இருந்தது. அந்த டேனரிக்கு வெள்ளி லீவு. வியாழன் சாயங்காலம் வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் தனகோடி மெயினை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஒரு தடவை தீப்பிடித்ததிலிருந்து முதலாளி பெரிய சாயபு போட்ட உத்தரவு அது. கம்ப்யூட்டரை அப்படிப் பொட்டென்று அணைக்கக் கூடாது, முறைப்படி நிறுத்த வேண்டும். அந்த அதிகாரம் 'சூப்பர் யூசர்' என்கிற ஒருவருக்குத்தான் உண்டு. அவருடைய ரகசியச் சொல் சம்பத்திடம், சம்பத் மெட்ராஸில். இவள் நிறுத்தச் சொன்னால், அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு அது தன்பாட்டுக்கு இருக்கும். ஒரு சாமானை அணைப்பதற்கு என்ன எழவு அனுமதி?

"அந்த ரூமுக்கு மட்டும் கரண்டு விட்டு வையேன், தனகோடி."

"மெயின் ஒண்ணுதான் யக்கா. இன்னா பண்ணச் சொல்றே? சாயபு கேட்டா நீ பதில் சொல்வியா?"

சம்பத்துக்கு டிரங்க் கால் போட்டாள்.

"அந்த பாஸ்வேர்டைக் குடுத்தா நீங்க ஏதாச்சும் கெடுத்துடுவீங்க மேடம். சனிக்கிழமை ஆன் பண்ணும்போது கேள்வி கேக்கும். எது கேட்டாலும் ஒய் அடிச்சிக்கினே போங்க, போதும்."

அப்படியே செய்தாள். என்னவோ ஒரு எண்ணைக் காட்டி, இதை அழிக்கட்டுமா என்று கேட்கும். 'ஒய்' என்றால் ஆமாம். அடிப்பாள், அது எழுந்துகொள்ளும். பல சனிக்கிழமைகள் இப்படியே ஓடின.

ஜெர்மனிச் சரக்கின் விவரத்தை அந்த வியாழன் பகல் முழுக்க உட்கார்ந்து ஏற்றினாள். பெட்டிகளுக்கு ஆணி அடித்தாயிற்று. எல்லாம்தான் மிஷினில் இருக்கிறதே என்று அளவுச் சீட்டுகளை நிசார் அகமது பாய்லரில் போடச் சொல்லிவிட்டார். சாயங்காலம் அச்சடிக்கச் சொன்னாள். வரிசையில் இருக்கிறது என்றது. அதன் எதிரிலேயே காத்திருந்தாள். தனகோடி மெயினை இறக்கினான்.

சனிக்கிழமை காலை லாரி கேட்டில் நின்றது. துறைமுகத்துக்கு அன்றைக்கே பேப்பரோடு சரக்குப் போய்ச் சேர வேண்டும். கேள்விகள் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக வந்தன. ஒரு கேள்வியில் அவள் விரல் தயங்கியது. வேண்டாம் என்று அடித்துப் பார்த்தாள். மேலே போகாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. வெளியே டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். 'ஒய்' அடித்தாள். மிஷின் எழுந்தது. ஜெர்மனிச் சரக்கின் விவரம் எங்கேயும் இல்லை.

பெட்டிகளைப் பிளந்து ஒவ்வொரு தோலாக மறுபடி அளந்தார்கள். அதற்குள் கப்பல் போய்விட்டது.

திங்கட்கிழமை சம்பத் ரயிலேறி வந்தான். மேனேஜர் கூப்பிடும்வரை வராந்தாவில் நின்றபோது ஜெயபுஷ்பம் அவனைக் கேட்டாள்.

"கோவமில்லாமத்தான் கேக்கறேன் சார். அது அழிக்கட்டுமான்னு கேக்குதே, எதைக் கேக்குது?"

அவன் உள்பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"எனக்கும் தெரியாது மேடம். ஒய் அடிக்கச் சொல்லித்தான் எங்களுக்கே டிரெய்னிங்ல சொன்னாங்க."

அவளுக்கு அவன் மேல் இரக்கம்கூட வந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். எப்படி அழிந்தது என்று நிசார் அகமது கேட்டார். சம்பத் தன் ஷூவைப் பார்த்தான்.

"அது தானா எதையும் அழிக்காது சார். கேட்டுத்தான் அழிக்கும். மேடம்தான் ஒய் அடிச்சிருக்காங்க."

நிசார் அகமது அவள் பக்கம் திரும்பினார்.

"அடிச்சியாம்மா?"

சூப்பர் யூசர், தனகோடி, மெயின், வரிசை என்று எல்லாம் அவள் தொண்டைவரை வந்தன. எதில் ஆரம்பித்தாலும் அவருக்கு விளங்கப்போவதில்லை. அவளுக்கே விளங்கவில்லை.

"அடிச்சேன் சார்" என்றாள்.