அரை மீசை தென்பட்டது

மெலிந்த உடம்பு என்பதால் தையல் கடையில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று ஊசிக்கு வேலையே ஓடவில்லை. அவள் கணவர் பஸ் டிரைவர். கண்ணில் ஆபரேஷன் ஆனதிலிருந்து டிப்போ வாசலில் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். காலையில் கண் பரிசோதனை. தேறினால் மதியமே பழைய பஸ். தேறாவிட்டால் கடைசிவரை வாசல் நாற்காலிதான். போனை வேறு வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

அவருடைய பஸ் கடை வழியாகத்தான் போகும். கடையை நடத்துகிறவள் அவருடைய அக்கா; ஊசிக்கு அண்ணி. கத்தரிக்கோலைப் பிடித்தபடி அவளும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, துணியைப் பாருங்க. விரல் போயிடப் போகுது.”

“நீ மட்டும் என்னவாம்? காலரைத் தலைகீழா வெச்சுத் தைச்சிருக்கே.”

ஊசி தையலைப் பிரிக்கக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்ப்பக்கம் பஸ் வரவேண்டும்! நிமிர்வதற்குள் தண்ணீர் லாரி ஒன்று மறைத்துக்கொண்டது. லாரி விலகிய இடுக்கில் ஒரு முழங்கை, அரை மீசை. பஸ் போய்விட்டது.

“பார்த்தியா?”

பார்த்தேன் என்றால் அண்ணி சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிடுவாள். இல்லை என்றால் அழுதுவிடுவாள். இரண்டுமே பொய்.

“தென்பட்டாரு, அண்ணி.”

“அப்படின்னா?”

“நானா பார்க்கலை. அவரா கண்ணுல பட்டாரு. முழங்கையும் அரை மீசையும்.”

“என் தம்பி என்ன, மீட்டர் கணக்குல வெட்டி விக்கிற துணியாடி?”

“பார்த்தேன்னா சத்தியம் பண்ணணும். தென்பட்டாருன்னா ஆசைப்பட்டுக்கலாம்.”

“மீசை வெச்ச டிரைவர் எத்தனையோ பேர். ஆசைப்படுறாளாம்!”

ஊசி மெஷினை விட்டு எழுந்தாள். பஸ் திரும்பும்போது கடைப்பக்கமாகவே வரும். இருவரும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடைபாதையில் போய் நின்றார்கள்.

சிக்னலில் பஸ் வந்து நின்றது. முன்கண்ணாடிக்குள்ளே அவரேதான்! நிமிர்ந்து உட்கார்ந்து சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி கையை ஆட்டினாள். அண்ணி கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து ஆட்டினாள். அவர் திரும்பவே இல்லை. பச்சை விழுந்ததும் கிளம்பிவிட்டார்.

“கண்ணு நல்லாயிடுச்சாம் கண்ணு! எதிர்ல நிக்கிற பொண்டாட்டியும் அக்காவும் தெரியலை,” என்று திட்டிக்கொண்டே அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ரோட்டை விட்டுட்டு நம்மளைப் பார்த்திருந்தாத்தான் அண்ணி நான் பயப்படணும்,” என்றாள் ஊசி. அவளுக்கு முகமெல்லாம் பல்.