பின்மதிலில் இருந்ததற்கு ஒரு பெயர்

இதனால் சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் கிழக்கு டெல்லி மயூர் விஹார் தமிழ்ப் பெருமக்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மத்திய அரசின் முன்னாள் செக்‌ஷன் ஆபீசரும், ஆங்கில டிராஃப்டில் நிகரற்றவர் என்று தம்மாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டவருமான திரு. தட்சிணாமூர்த்தி, தமது குடியிருப்பின் பின்மதிலில் இருக்கும் ஒன்றுக்குச் சரியான ஆங்கிலப் பெயர் கண்டுபிடிக்கும் மாபெரும் பணியை, சனிக்கிழமை காலை காபிக்குப் பின் தொடங்கினார்.

அந்த ஒன்று வழியாக ஒரு ஆள் கொஞ்சம் ஒருக்களித்தால் நுழையலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் வேறொரு குடியிருப்பு. அங்கேதான் ஜோதிலிங்கம், ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். தினமும் சாயங்காலம் அவர் மதிலைத் தாண்டி வருவார். மூர்த்தி காபி கலப்பார். இருவரும் சேர்ந்து நாட்டைத் திருத்துவார்கள். மனைவி லீலாவதி போய்ச்சேர்ந்த பிறகு மூர்த்தி வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் ஒரே விருந்தாளி அவர்தான். அந்த ஒன்றை அடைத்துவிட்டால் ரோட்டைச் சுற்றி, இரண்டு கேட், இரண்டு காவலாளி, போனுக்கு வரும் நம்பர் எல்லாம் கடந்து வரவேண்டும். ஜோதிலிங்கத்தின் முழங்கால் பால் பூத்துக்குப் போவதற்கே யோசிக்கும்.

போன மாதம் யாருடைய ஸ்கூட்டரோ காணாமல் போனதில் மதிலை அடைக்க முடிவாகிவிட்டது. குடியிருப்பின் செயலாளர் பிரதீப், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பையன், வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொன்னான்.

“அங்கிள், சண்டே மத்தியானம் கொத்தனார் வரான். உங்களுக்கு வேணும்னா அங்க ஒரு சின்ன கேட் வெச்சிடலாம். வாட்ஸ்ஆப் க்ரூப்ல ஒரு லைன் போடுங்க, போதும். ஆனா ஜல்தி!”

ஒரு லைன்! மூர்த்திக்கு முகம் சிவந்தது. முப்பத்தைந்து வருட சர்வீஸில் அவர் எதையுமே ஒரு லைனில் எழுதியதில்லை. முறைப்படி ஒரு விண்ணப்பம், அதற்கு முன் ஒரு டிராஃப்ட், அதை ஒருவர் பார்த்துத் திருத்துவது, பிறகு சுத்தப் பிரதி. பார்த்துத் திருத்த ஜோதிலிங்கம் வரவழைக்கப்பட்டார், அந்த ஒன்றின் வழியாகவே.

“முதல் வரியில ‘கேப்’னு போட்டிருக்கேன்” என்றார் மூர்த்தி.

“கேப்பா? பல்லு விழுந்தா கேப்பு. அப்படிப் போட்டா மதிலு தானா உதிர்ந்த மாதிரில்லா இருக்கும்? ஒத்துக்கிட மாட்டேன் வே.”

“அபெர்ச்சர்?”

“அது கேமராவுக்கு உள்ளது. வெளிச்சம் போகும், நான் போவேனா?”

“ஆரிஃபிஸ்?”

“அது மூக்கு, காது… மேற்கொண்டு சொல்லணுமா?”

“சரிய்யா, ‘பிரீச்’னு போடறேன்.”

“போடும், நல்லாப் போடும்! மதில உடைச்சோம்னு நீரே எழுதிக் குடும். உடைச்சது யாருன்னு கேட்டா?”

உடைத்தது யாரென்று இருவருக்கும் தெரியும். மூர்த்தி எழுந்துபோய் ஏர்கூலரின் வேகத்தைக் கூட்டிவைத்தார்.

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் அது வெறும் கிராக், மயிரிழை விரிசல். லீலாவதி பின்பக்கம் நின்று, தண்ணீர் கலந்த பால்காரனைத் தஞ்சாவூர்த் தமிழில் வைதுகொண்டிருந்தாள். அவனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. மதிலுக்கு அப்பால் யாரோ கலகலவென்று சிரித்தார்கள். அது ஜோதிலிங்கத்தின் மனைவி வள்ளியம்மை. ஊரெல்லாம் இந்தி கேட்டுப் புளித்த காதுகள் இரண்டும் விரிசலில் ஒட்டிக்கொண்டன.

அடுத்த கோடையில் ஒரு செங்கல் ஆடியது. அப்போது அது ஸ்லிட். முருங்கைக்காய் நீளவாக்கில் போகும், கத்தரிக்காய் போகாது. கத்தரிக்காய் போகாத நட்பு என்ன நட்பு என்று லீலாவதி ஒருநாள் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து இரண்டு போடு போட்டாள். அது ஹோல் ஆயிற்று. மாவுத் தூக்கு போனது, பின்னாலேயே குழந்தைகள் போனார்கள். மூர்த்தி அன்று சர்க்கார் பாஷையில் கண்டித்தார். அவள், “உங்க ஆபீஸ்ல போயி எழுதி வைங்க, போங்க” என்றாள். பிறகு குழந்தைகள் வளர்ந்தார்கள், கூடவே அதுவும் வளர்ந்தது. அவள் போன அன்று வள்ளியம்மை ரோட்டைச் சுற்றவில்லை. நேரே நுழைந்து ஓடிவந்தாள். செங்கல் முனையில் கிழிந்த புடவை நூல் வெகுநாள் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

“எல்லா வார்த்தையும் சரிதான் ஜோதி” என்றார் மூர்த்தி. “வருஷந்தான் வேற வேற. எந்த வருஷத்தைப் போடறது?”

ஜோதிலிங்கம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “இன்னைக்குள்ளதப் போடும். ஆளு நடந்தா பாசேஜு. நான் நடக்கேம்லா?”

பாசேஜ்! இதைக் கண்டடைந்தபோது சனிக்கிழமை கழிந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பிறகு மூர்த்தி சுத்தப் பிரதி எழுதினார், நான்கு பாராவில். ஜோதிலிங்கம் ஆடிட் கண்ணோடு படித்து ஒரு காற்புள்ளியை நீக்கினார். மூர்த்தி மறுபடி எழுதினார். ஜோதிலிங்கம் யோசித்து அதே காற்புள்ளியைத் திருப்பி வைத்தார். மூர்த்தி மறுபடி எழுதினார். நடுவில் தயிர்சாதம். கூலர் ஹோவென்று இரைந்துகொண்டிருந்ததால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வரவில்லை.

கையெழுத்தானதும், “வள்ளி கிட்ட ஒருதரம் படிச்சுக் காமிச்சுட்டு வாரேன்” என்று காகிதத்தோடு பின்பக்கம் போன ஜோதிலிங்கம், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“என்னய்யா, கண்ணாடிய மறந்துட்டியா?”

“வந்து பாரும் வே.”

கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தான். பிரதீப் பக்கத்தில் நின்றிருந்தான்.

“க்ரூப்ல உங்க மெசேஜே வரலியே அங்கிள். வேண்டாம் போலன்னு நெனச்சேன்.”

மூர்த்தி காகிதத்தை நீட்டினார். பிரதீப் நின்றபடியே நான்கு பாராவையும் படித்தான்.

“செம இங்கிலீஷ் அங்கிள். அச்சா, இதுல பாசேஜ்னு போட்டிருக்கீங்களே, அது எங்க இருக்கு?”

இருவரும் மதிலைப் பார்த்தார்கள். சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தது. ஜோதிலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “சுத்திப் போறேன் வே. நாளைக்கு முட்டி சொன்னபடி கேட்டா வாரேன்” என்று முன்வாசல் பக்கம் நடந்தார். அவர் மூலை திரும்பி மறையும்வரை காத்திருந்துவிட்டு, மூர்த்தி பூச்சில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுந்தவில்லை.

மே மாத டெல்லி வெயிலில் சிமென்ட் சீக்கிரம் காய்ந்துவிடும்.