எதுவும் வளரவில்லை

பிளேட் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில், கிருமிகளைக் கண்டுபிடிக்கும் லேபில் எனக்கு வேலை. சளியோ சிறுநீரோ ரத்தமோ, எது வந்தாலும் கிருமிக்கான உணவு பரப்பிய வட்டப் பிளேட்டில் தடவி இன்குபேட்டர் சூட்டில் வைப்போம். பாக்டீரியா இருந்தால் மறுநாளே புள்ளி புள்ளியாக முளைத்து நிற்கும். வைரஸ் இந்தப் பிளேட்டில் முளைக்காது, அதைப் பிடிக்க வேறு சோதனை வேண்டும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டும்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. இவ்வளவுதான் விஷயம். இது புரியாமல்தான் பாதி ஊர் மூக்கு ஒழுகினாலே கிளினிக்கில் போய் உட்கார்ந்து ஆன்டிபயாட்டிக் கேட்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் அந்தக் கூத்துக்கு இடமில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாட்டிக் கிடையாது. மிச்ச மருந்தை ஃபிரிட்ஜில் வைத்திருந்து அடுத்த காய்ச்சலுக்கு ஊற்றுவது இல்லவே இல்லை. என் கணவர் செந்தூரன் இதற்காகவே எனக்கு 'லேப் போலீஸ்' என்று பெயர் வைத்திருந்தார். நண்பர்கள் வந்தால் போதும், "தும்மிடாதீங்க லா, ராஜினி பிடிச்சிட்டுப் போய் பிளேட்டுல தேய்ச்சிடுவா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் மகள் ஆரபி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் லேபில் ஆள் பற்றாக்குறை. கூட வேலை செய்யும் ஒருத்தி பிரசவத்துக்குப் போயிருந்தாள், அவள் வேலையும் என் தலையில். செந்தூரன் வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். அதனால் பிள்ளையை அவர் பார்த்துக்கொண்டார்.

"காது வலிக்குதுன்னு அழறா. காய்ச்சலுக்குப் பனடோல் குடுத்திருக்கேன்" என்றார் போனில்.

காய்ச்சல் இறங்கியது. அப்புறம் ஏறியது. ஒரு நாள் காலையில் கழுத்தை வளைக்க முடியவில்லை என்று அழுதாள். ஜன்னல் திரையை விலக்கினால் கண்ணை இறுக்கிக்கொண்டாள். மூளைக்காய்ச்சல் எப்படி வரும் என்று எனக்கா தெரியாது? பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு, ஃபெடரல் ஹைவேயில் பறந்து, நான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே போனோம்.

குழந்தை மருத்துவர் சந்திரகலா அவளைப் பார்த்த உடனே முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார். மூளையைச் சுற்றி ஓடும் நீர் அது. கிருமி இருந்தால் அதில் தெரியும். எடுத்து முடித்துக் கையுறையைக் கழற்றியபடி எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் ஏதாவது கொடுத்தீங்களா? ஒரு ஸ்பூன் கொடுத்திருந்தாலும் சொல்லுங்க."

ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அரைகுறையாக மருந்து உள்ளே போயிருந்தால் அந்த நீரில் இருக்கும் கிருமி செத்தும் சாகாமலும் கிடக்கும். பிளேட்டில் முளைக்காது. பிளேட் சுத்தமாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். உள்ளே ஒளிந்திருப்பது மெதுவாகத் தலைதூக்கும்.

"எங்க வீட்லயா டாக்டர்?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை. "என்கிட்டயா கேக்குறீங்க?"

டாக்டர் செந்தூரனைப் பார்த்தார்.

"பனடோல் மட்டும்தான் டாக்டர்" என்றார் அவர். குரல் தடுமாறவில்லை. தரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

சொந்தப் பிள்ளையின் சாம்பிளை நானே பார்க்கக் கூடாது என்பதால் என் தோழி லோகேஸ்வரி பார்த்தாள். அவளும் நானும் ஒரே ஆண்டு அந்த லேபில் சேர்ந்தவர்கள். நீரில் வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன, ஆனால் ரொம்பவும் இல்லை. சர்க்கரை கொஞ்சம் குறைந்திருந்தது, அதுவும் ரொம்ப இல்லை. பாக்டீரியாவா வைரஸா என்று அடித்துச் சொல்ல முடியாத இரண்டுங்கெட்டான் நிலை. டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார். நீரில் கொஞ்சம் எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு வெளி லேபுக்கு அனுப்பினார். அந்த முடிவு வரச் சில நாள் ஆகும். அதுவரை எங்களுக்கு வாய்த்தது பிளேட்தான்.

மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தபோது லோகேஸ்வரியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். பிளேட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அதற்கடுத்த நாளும் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. லோகேஸ்வரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் அங்கிருந்தே செந்தூரனைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமே வளரல! வைரஸாத்தான் இருக்கும், தானா சரியாயிடும்!" அழுதுகொண்டே கத்தினேன்.

"முருகா" என்றார் மறுமுனையில். அவரும் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் மாடிக்கு ஓடி டாக்டரின் கையைப் பிடித்து மருந்தை நிறுத்த விடாமல் செய்திருப்பேன்.

டாக்டர் சந்திரகலா மருந்தை நிறுத்தினார். மருந்து எதுவும் முன்பு கொடுக்கவில்லை, பிளேட் சுத்தம், பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் வார்த்தையை நம்பினார், அவ்வளவுதான். ஆரபியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வீட்டுக்குக் கீழே பூக்கடை அக்கா கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்து, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே வாந்தி. அன்று மதியம் சோபாவில் படுத்திருந்தவளுக்கு வலிப்பு வந்தது. பிள்ளையின் பல் கிட்டிப்போய் கண் மேலே செருகியதைப் பார்த்த தாய்க்கு வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

மறுபடி அதே மருத்துவமனை, அதே மருந்து, இம்முறை நிறுத்தாமல். அந்த வாரத்தில்தான் பிசிஆர் முடிவும் வந்தது. நிமோகாக்கஸ். காதிலும் நுரையீரலிலும் தொடங்கி மூளைவரை ஏறும் பாக்டீரியா. முதல் நாள் எடுத்த நீரிலேயே அது இருந்திருக்கிறது. பிளேட்டில் முளைக்கக் கிருமி உயிரோடு இருக்க வேண்டும். பிசிஆருக்கு அது வேண்டாம், செத்த கிருமியின் துண்டு துணுக்கு போதும்.

அப்படியென்றால் பிளேட்டில் ஏன் முளைக்கவில்லை? எனக்குத் தலை கொதித்தது. இந்தக் கிருமி நோஞ்சான். சாம்பிளைக் குளிரில் வைத்தாலே செத்துப்போகும். நேரே லேபுக்குப் போய் எல்லோர் முன்னாலும் லோகேஸ்வரியைப் பிடித்தேன்.

"சாம்பிளை ஃபிரிட்ஜுல தூக்கிப் போட்டியா? டீ குடிக்கப் போயிட்டு மறந்துட்டியா? எம் பிள்ளை சாம்பிள்டி அது!"

அவள் முகம் செத்துப்போனது. அன்று மாலை வார்டில் செந்தூரனிடம் இதைச் சொல்லி, லோகேஸ்வரிமேல் புகார் எழுதப்போகிறேன் என்றேன். அவர் ஆரபியின் போர்வையைச் சரி செய்துகொண்டே சொன்னார்.

"ஆமா, லேப்லதான் ஏதோ தப்பு நடந்திருக்கும்."

ஆரபி பிழைத்துவிட்டாள். காய்ச்சல் விட்டது, சாப்பிட்டாள், சிரித்தாள். ஆனால் டிவியில் சத்தம் இல்லை என்றாள். கூட்டினேன். இன்னும் கூட்டு என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கூட்டியும், "சத்தமே வரல மா" என்றாள். நான் அவள் முதுகுப் பக்கம் போய் நின்று, "ஆரபி" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

காது சோதனை செய்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் கொஞ்சமே மிச்சம். உள்காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்வதற்குள் அறுவை செய்து, கேட்க உதவும் கருவி பொருத்த வேண்டும், சீக்கிரம் முடிவெடுங்கள் என்றார்கள். "முதல்லயே மருந்தைத் தொடர்ந்திருந்தா காது தப்பிச்சிருக்குமா?" என்று டாக்டர் சந்திரகலாவிடம் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாது ராஜினி. தப்பிச்சிருக்கலாம்" என்றார். அந்தக் கடைசிச் சொல்லை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

புகார் எழுதும் முன் லோகேஸ்வரியே என்னைத் தேடி வந்தாள். கோபமாக வரவில்லை, அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"சாம்பிள் கைக்கு வந்த உடனே போட்டேன். அதே கட்டுல இருந்த இன்னொரு பிளேட்டுல, அதே இன்குபேட்டர்ல, பிளேட் சரியா இருக்கான்னு பார்க்க நாம வைக்கிற நிமோகாக்கஸ் நல்லா வளந்துச்சு. வேணும்னா நீயே வந்து பாரு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "என்னைக் கேட்ட, டாக்டரைக் கேட்ட. உங்க வீட்ல கேட்டியா ராஜினி?"

"எங்க வீட்ல யாரு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

வார்டுக்குப் போனேன். செந்தூரன் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தார். ஆரபி கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வைத்திருந்தோம். பாவம், எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்டவள். நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: முதலில் காய்ச்சல் வந்தபோது அப்பா என்ன மருந்து கொடுத்தார்?

அவள் விரல் வைத்துப் படித்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்கு இப்போது தெரியாது. வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"சுங்கை வே அத்தை குடுத்த ஆரஞ்சு மருந்து! அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு!"

மருந்து ஏற்ற வந்த நர்ஸ் மிஸி அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால், கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு செந்தூரன் நின்றிருந்தார்.

சுங்கை வேயில் இருக்கும் அவருடைய அக்காவின் பையன் குடித்துவிட்டு மீதி வைத்த ஆன்டிபயாட்டிக் பாட்டில். இரண்டு நாள் ஊற்றியிருக்கிறார். காய்ச்சல் இறங்கியதும் அதைக் குப்பையில் போட்டிருக்கிறார். எல்லாம் அங்கேயே, நின்றபடியே சொன்னார்.

"காய்ச்சல் இறங்குச்சு ராஜி. நல்லதுதானேன்னு நினைச்சேன். டாக்டர் கேட்டப்ப நீ பக்கத்துல நின்ன. எங்க வீட்லயான்னு நீ சொல்லிட்ட. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? உன் வாய்க்குப் பயந்துதான்..."

"ஒண்ணும் வளரலன்னு நான் போன்ல கத்தினப்ப?"

அவர் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"லோகேஸ்வரி மேல பழி போட்டப்ப? உக்காந்து ஆமான்னு சொன்னீங்களே, அப்ப?"

"பயம் ராஜி."

"என் வாய்க்குப் பயந்து எம் பிள்ளையோட காதைக் குடுத்துட்டீங்க."

வெளியாள் ஒருத்தன் வந்து ஏமாற்றியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்விழித்த ஆள். பிள்ளையைக் கொஞ்சிய அதே வாயால், சொல்லாதே என்று அவளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவளும் அப்பா சொன்ன சொல்லை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறாள்.

செந்தூரன் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். ஆரபியின் காலைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து ஏதேதோ சொன்னார். மன்னிச்சிடு என்றார், அப்பா தெரியாம செஞ்சிட்டேன் என்றார், தங்கம் என்றார். எனக்கு எல்லாம் கேட்டது.

ஆரபி அவர் உச்சந்தலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா என்ன சொல்றாரு?" என்று சத்தமாகக் கேட்டாள்.

இத்தனை நாளும் எல்லோருடைய பேச்சையும் நான்தான் அவளுக்குப் பலகையில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பலகையை எடுத்தேன். என் கேள்வியைத் துடைத்துவிட்டு, மார்க்கரோடு சேர்த்து செந்தூரனின் மடியில் வைத்தேன்.

"நீங்களே எழுதிக் காட்டுங்க."

அவர் மார்க்கரின் மூடியைக் கழற்றினார். ஆரபி எழுத்துக் கூட்டிப் படிப்பதற்காக விரலைப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மிஸி போய்விட்டாள், சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவர் எதுவும் எழுதவில்லை.