அப்படி ஒரு பிட்டர் இங்கே இல்லை

திருச்சுழி கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த தாவீதுராஜுக்கு ஒரே மகன், ஜாபேஸ். பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் மார்க் வாங்கியவன், மெஷின் பைத்தியத்தில் ஐ.டி.ஐ.யில் போய்ச் சேர்ந்து பிட்டர் ஆனான். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை. தாவீதுராஜ் இதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளுகிற இடம் ஐ.டி.ஐ. என்று கடையில் உட்கார்ந்து நூறு பேரிடம் பேசியவர் அவர். பேசிய வாயால் எப்படி மாற்றிச் சொல்வார்? பையன் பி.காம். முடித்துவிட்டு மில் ஆபீசில் இருக்கிறான் என்று அடித்துவிட்டார்.

அந்தப் பொய்க்கு உழைத்தது என்னவோ ஜாபேஸ்தான். ஷிப்டு முடிந்ததும் மில் வாசல் டீக்கடைக்குப் பின்னால் போய், ஊதாச் சட்டையைக் கழற்றி மஞ்சள் பைக்குள் திணித்து, நகக்கண்ணில் ஏறிய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறுவான். மூன்று வருடமாக இதே கூத்து.

எண்பத்தேழாம் வருடம் மில்லுக்குப் புது மெஷின் வந்தது. மாட்டிக் கொடுக்க ஒரு ஜெர்மன்காரரும் வந்தார். நான்கு மாதம் ஜாபேஸின் கைவேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த மனிதர், கிளம்பும்போது, தன் பையனும் பிட்டர்தான் என்றாராம். அந்த ஊரில் பெரிய கடைக்காரர் பிள்ளைகூட வாரத்தில் சில நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் பட்டறை என்று தொழில் படிப்பானாம். பாஸான சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு, வருகிறவர் கண்ணில் படுகிற சுவரில் மாட்டுவார்களாம். ஜாபேஸ் இதையெல்லாம் பூரித்துப்போய்ச் சொன்னான்.

"அவுக ஊருல பொண்ணு குடுப்பாக. நம்ம ஊருல எவன்லே குடுப்பான்?" என்றார் தாவீதுராஜ்.

ஆனாலும் அவருக்குத் தெரியும். அந்த ஜெர்மன்காரர் ஏற்பாட்டில், ஒரு வருடப் பயிற்சிக்கு ஜாபேஸை அழைத்து ஜெர்மனியிலிருந்து ரிஜிஸ்தர் தபால் வரப்போகிறது. இருபதாம் தேதிக்குள் அந்தக் கடிதத்தோடு மெட்ராஸ் விசா ஆபீசில் போய் நிற்க வேண்டும். "கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிருங்கப்பா" என்று பையன் தினமும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

பதினான்காம் தேதி மதியம் பந்தல்குடி வாத்தியார் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். பட்டதாரிக்குத்தான் பெண் என்று முதலிலேயே சொன்ன வீடு. காபி குடித்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் மாரிச்சாமி சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே உள்ளே வந்தார்.

"அண்ணாச்சி, ரிஜிஸ்தரு. மிஸ்டர் ஜாபேஸ், பிட்டர்னு போட்டுருக்கு. நம்ம தம்பி..."

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். தாவீதுராஜ் அவசரமாகக் குறுக்கே புகுந்தார்.

"பிட்டரா? மாத்திக் கொண்டாந்துட்டீக மாரிச்சாமி. அப்படி ஆளு இங்க இல்ல."

மாரிச்சாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கு எம்மேல பழி வரக்கூடாது."

கவரில் வெளிநாட்டு ஸ்டாம்பு. விலாசத்துக்குப் பக்கத்தில் தாவீதுராஜ் தன் கையாலேயே எழுதினார்: அப்படி ஒரு பிட்டர் இங்கே இல்லை. கீழே கையெழுத்து. தபால் பை நாலு மணி பஸ்ஸில்தான் போகும், இவர்களை அனுப்பிவிட்டு ஓடிப்போய் வாங்கிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. மணி மூன்றேகால்.

மூன்றரைக்கு எல்லோரும் எழுந்தார்கள். அப்பாடா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து, கூட வந்திருந்த உபதேசியார், "ஒரு ஜெபம் பண்ணிட்டுக் கிளம்புவோம்" என்று கண்ணை மூடினார்.

மூடியவர் திறக்கவில்லை. பெண்ணுக்காக, பெண்ணின் தாய் தகப்பனுக்காக, வராத மழைக்காக, கருகுகிற பருத்திக்காக வேண்டினார். மாப்பிள்ளைக்குப் பட்டப்படிப்பை அருளிய ஆண்டவருக்குத் தனியாக ஸ்தோத்திரம் சொன்னார். தாவீதுராஜுக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. ஆண்டவரே, இந்த மனுஷன் வாயை மூட வையும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஜெபம் வரவில்லை. ஆமென் சொல்வதற்குள் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. பஸ் போய்விட்டது. வழியில் வந்த பருத்தி லாரியை மறித்து ஏறி அருப்புக்கோட்டைத் தபாலாபீசுக்குப் போய் நின்றபோது, பை அரக்கு சீல் வைத்து மூலையில் கிடந்தது. கையெட்டும் தூரம்.

"அய்யா, அது எம்மகன் லெட்டருய்யா."

கிளார்க் ரிஜிஸ்தர் பட்டியலைப் பார்த்தார். ஆள் இல்லை, திரும்புகிறது என்று அதில் இருந்தது. "இல்லைன்னு எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"திருப்பிக் கேக்க அனுப்புனவருக்குத்தான் உரிமை. உங்களுக்கு இல்ல." அவர் காலில்கூட விழப் பார்த்தார் தாவீதுராஜ். சட்டத்தை மீற அந்த மனிதரால் முடியவில்லை. மெயில் வண்டிக்காரன் வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அங்கிருந்து மில்லுக்கு நடந்தார். மூன்று வருடத்தில் அந்த வாசலை மிதித்ததில்லை. "ஜாபேஸைப் பாக்கணும். பிட்டரு. நான் அவன் அப்பா" என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

"பிட்டர் தம்பிக்கு அப்பா இருக்காகளா?" என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் வாட்ச்மேன்.

ஊதாச் சட்டையோடு வெளியே வந்த ஜாபேஸ், அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்தான். முகம் அப்படிப் பூத்திருந்தது. "லெட்டர் வந்துருச்சாப்பா? அதான் நீங்களே வந்துட்டீகளா?"

தாவீதுராஜ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எழுதியதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"உங்க கையாலயா எழுதுனீக?"

"ஆமய்யா."

இன்னும் ஆறே நாள். கடிதம் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஷிப்டு முடிகிற நேரம். ஜாபேஸ் உள்ளே திரும்பினான். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் பின்னால் போனான். மண்ணெண்ணெயை ஊற்றி நகக்கண்ணைத் தேய்க்க ஆரம்பித்தான்.

பின்னாலேயே வந்த தாவீதுராஜ் அவன் கையைப் பிடித்தார். "வேண்டாம்லே ராசா. இன்னிக்கு அப்படியே வா. ஊரு பாத்தாப் பாக்கட்டும்."

அவன் நிமிரவில்லை. தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தான்.

"பஸ்ஸுல பொண்ணு வீட்டுக்காரக யாராச்சும் இருப்பாகப்பா" என்றான்.