சுட்டி வம்சம்

கண்ணாயிரமும் சிவசங்கரும் அண்ணன் தம்பிகள். அப்பா செத்த பிறகு நிலத்தைப் பிரிக்க ஒரு வருஷம் வாய்கிழியச் சண்டை போட்டார்கள். நடுவில் வரப்பு விழுந்து முடிந்தபோது இரண்டு பேருக்கும் தொண்டை வற்றியிருந்தது. "ஆட்டப் பொம்பளைங்களே பிரிச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் டிராக்டர் ஓட்டப் போனான், தம்பி லாரியில் ஏறிவிட்டான். ஆம்பளைகளின் பெருந்தன்மை அவ்வளவுதான்.

பெரிய ஆடுகளெல்லாம் அப்பா சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஒவ்வொன்றாக விலைபோய்விட்டன. பட்டியில் மிஞ்சியவை எட்டு பெட்டைக்குட்டிகள். குட்டி என்று பெயர்தான், எல்லாம் கிடாவோடு சேர்க்கிற பருவத்துக்கு வந்துவிட்ட செம்மறிகள். இவற்றில் எது நல்ல தாயாகும், எது தின்று கொழுத்துச் சும்மா நிற்கும் என்பதை வைத்துத்தான் நாளைக்குப் பட்டி நிறைவதும் காலியாவதும். அது தெரிந்தவள் மூத்தவன் மனைவி ஜெயசுதா ஒருத்திதான். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரக் கரடுகளிலும் மக்காச்சோளம் அறுத்த காடுகளிலும் அந்த ஆடுகளின் பின்னால் நடந்தே அவள் கால் வெடித்திருந்தது. இளையவன் மனைவி எழில்மதி கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். அவளுக்கும் பாதி. இதை நினைத்தால் ஜெயசுதாவுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததில் குற்றமும் இல்லை.

அந்தப் பக்கத்து வழக்கம், ஒருத்தர் இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும், மற்றவர் தனக்கு வேண்டிய பங்கை முதலில் எடுக்க வேண்டும். வளர்த்தவள் ஜெயசுதா என்பதால் பிரிப்பது அவள் வேலை என்று ஆயிற்று. பிரிக்கிறவள் ஏமாற்ற முடியாது என்றுதான் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள். பாவம், அவர்கள் ஜெயசுதாவைப் பார்த்ததில்லை.

விடியற்காலையில் அவள் குட்டிகளைப் பிரித்து, பட்டிக்கு நடுவே படல் வைத்து மறித்தாள். வலப்பக்கம் நான்கு. பார்த்தால் கண்ணெடுக்க முடியாது. நீண்ட முதுகு, அகன்ற இடுப்பு, தொடையில் சதை. இடப்பக்கமும் நான்கு. அதில் இரண்டு சுமார், இரண்டு விலா தெரிகிற வற்றல்கள்.

அந்த வற்றல்கள் இரண்டும் சுட்டி போட்ட குட்டிகள். நெற்றியில் வெள்ளை விழுந்திருந்ததால் அந்தத் தாய்க்குச் சுட்டி என்று பெயர். அந்தப் பக்கத்து ஆடுகள் ஈத்துக்கு ஒரு குட்டி போட்டாலே பெரிய சங்கதி. சுட்டி மூன்று ஈத்திலும் இரண்டிரண்டாகப் போட்டு, ஒன்றைக்கூடச் சாகவிடாமல் பாலூட்டி வளர்த்தாள். தாயும் முந்தின ஈத்துக் குட்டிகளும் விலைபோய்விட்டன, மிஞ்சியவை கடைசி ஈத்துக் குட்டிகளான இவை இரண்டும்தான். கோடையில் ஒரே மடியை இரண்டும் பங்கு போட்டுக் குடித்ததால் உடம்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எலும்பு நல்ல எலும்பு. மடி விழப்போகிற இடத்தில் தோல் பட்டுமாதிரி தளர்ந்திருக்கிறது. வலப்பக்கத்துக் கொழுத்தவற்றில் ஒன்றின் தாய்க்கு ஒரு காம்பு அடைப்பு, ஜெயசுதாதான் புட்டியில் மாட்டுப்பால் கொடுத்து அதை வளர்த்தாள். இன்னொன்றின் தாய் போட்ட குட்டியை முட்டித் தள்ளுகிறவள். மூன்றாவது குட்டி, பல் போட்டும் கிடாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, சதைதான் ஏறிக்கொண்டே போகிறது.

எழில்மதி எப்படியும் எடைக்கு விற்கத்தான் போகிறாள், கொழுத்தது அவளுக்குப் போனால் அவளுக்கும் லாபம் என்று ஜெயசுதா மனசுக்குச் சமாதானம் சொன்னாள். இதைப் பாய் போட்டு உட்கார வைத்தே அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் சுட்டி வம்சம் என்று வாயைத் திறந்தால், இருப்பதிலேயே உசத்தி அதுதான் என்று தெரிந்துபோகும், பிறகு அவள் அதைத்தான் பிடித்துக்கொள்வாள். வரப்புக்காக ஒரு வருஷம் அடித்துக்கொண்ட குடும்பத்தில் வேறு எப்படி நினைக்க வரும்?

நடுவராக வந்தவர் கள்ளக்குறிச்சி ஆட்டு வியாபாரி தஸ்தகீர் பாய். எழில்மதியும் அவருடைய குட்டியானை வண்டியிலேயே வந்து இறங்கினாள். பாய் பட்டிக்குள் புகுந்து ஒவ்வொன்றாக வாயைப் பிளந்து பல் பார்த்தார், முதுகெலும்பின் மேல் விரலை அழுத்தினார், இடுப்பைச் சாணால் அளந்தார். படலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"இன்னாம்மா ஜெயசுதா, சமமா இல்லியே. இந்தப் பக்கம் ஜாஸ்தி, அந்தப் பக்கம் கம்மி. எடுக்கறவங்களுக்கு அதிர்ஷ்டம். அப்புறம் எம்மேல கொற சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் பாய். மதி இஷ்டம்" என்றாள் ஜெயசுதா.

எழில்மதி படலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். வலப்பக்கத்தைப் பார்த்தாள். அக்காவின் வெடித்த காலைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி இடப்பக்கத்தைக் காட்டினாள்.

"எனக்கு இதுங்க போதும் பாய்."

ஜெயசுதா படலருகே ஓடி வந்தாள். "அடியே, நல்லாப் பாத்து எடுடி. அதுங்க எளச்சது."

"பாத்துக்கினுதான்க்கா இருக்கேன். நல்லதெல்லாம் எனக்குன்னு ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சிருக்க. எனக்குத் தெரியாதா? நீ வெயில்ல காஞ்சி வளத்தது. வூட்டுக்கு ஒரு நாளாவது நான் வந்து தழை ஒடிச்சிப் போட்டிருப்பனா? அத எடுத்துக்கினு போக எனக்கு மனசு வரல. நீயே வெச்சிக்க."

அவள் நிஜமாகத்தான் சொன்னாள். குரலில் ஒரு துளி நடிப்பு இல்லை. நான்கு வருஷமாக இந்தப் பெண்ணைச் சேலை மடிக்கிற மேனாமினுக்கி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஜெயசுதாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கியது, குட்டி போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் பிடுங்கியது. எது பெரிசு என்று கேட்டால் அந்த நேரத்தில் வயிற்றெரிச்சல்தான்.

பாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவர் கயிற்றை எடுத்தார். வாடகை வீட்டில் ஆடு கட்ட இடமில்லை, அதனால் தன் பங்கை இன்றைக்கே அவருக்கு விற்றுவிடுவதாக எழில்மதி வரும்போதே பேசியிருந்தாள். "நாயித்துக்கெழம கடைக்கு ஆவும். எளங்கறி, வெயிட்டுதான் கம்மி" என்று சொல்லிக்கொண்டே சுட்டியின் குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக் குட்டியானையில் போட்டார். அது கழுத்தை நீட்டி ஜெயசுதாவைப் பார்த்துக் கத்தியது. அடுத்ததின் முன்னங்காலையும் பின்னங்காலையும் பாய் சேர்த்துப் பிடித்தார்.

கறிக்கு. சுட்டியின் ரத்தம் இனி உலகத்தில் எங்கும் இருக்கப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும். திறந்தால் குட்டி மிஞ்சும், அதுவும் தனக்கில்லை.

"ஏத்தாதீங்க பாய்!"

அவள் கத்தியதில் பாய் கையிலிருந்த குட்டியை விட்டுவிட்டார்.

"அதுங்க சுட்டி போட்டதுங்க. ரெண்டு ரெண்டா போடற வம்சம். மதி, அதுங்களக் கறிக்குப் போடாத. எங்க வேணா வெச்சி வளத்துக்க, கறிக்கு மட்டும் போடாத. அந்தக் கொழுத்ததுங்கள்ல மூணு ஒன்னுத்துக்கும் ஆவாது. ஒன்னு பருவத்துக்கே வரல. ஒன்னோட ஆத்தாளுக்குக் காம்பு அடப்பு. நீ அதுங்களத்தான் எடுப்பன்னு அந்தப் பக்கமா சேத்து வெச்சேன்."

சொல்லி முடித்ததும் படலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எடை பார்க்கிற தன் கண்ணுக்கு அது ஒன்றும் தெரியவில்லையே என்று அவருக்கும் கொஞ்சம் கூச்சம்தான்.

எழில்மதி திட்டப்போகிறாள் என்று ஜெயசுதா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் திட்டவில்லை. வண்டியில் ஏறி, சேலையில் புழுக்கை ஒட்டுவதைப் பார்க்காமல், கட்டியிருந்த குட்டியை அவிழ்த்தாள்.

"பாய், இத எறக்குங்க. மத்த ரெண்டையும் ஏத்திக்கினு போங்க. இந்த ரெண்டும் என்னுது. நான் எடுத்தது எடுத்ததுதான், மாத்த மாட்டேன்." குட்டியைப் பாய் பக்கமாக நகர்த்தினாள். "அக்காகிட்ட வாரத்துக்கு வுடறேன். போடற குட்டில ஆளுக்குப் பாதி."

வாரத்துக்கு விடுவது ஊரில் புதுசில்லை. ஆடு ஒருத்தருடையது, மேய்ப்பு ஒருத்தருடையது, பிறக்கிற குட்டி இரண்டு பேருக்கும். ஆனால் தான் வளர்த்த ஆட்டையே ஓரகத்தியிடம் வாரத்துக்கு வாங்கியவள் அந்த ஊரில் அதுவரை இல்லை. ஜெயசுதா தலையை மட்டும் ஆட்டினாள். பாய் குட்டியைத் தூக்கிக் கொடுக்க, அவள் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்புகிற நேரத்தில் எழில்மதி முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

"எனக்கு ஆட்டப் பத்தி இன்னாக்கா தெரியும்? இந்த ரெண்டும் எனக்கு வேணும் மதின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பனே."

ஜெயசுதா குட்டியை அணைத்தபடி நின்றாள். முந்தின நாளெல்லாம் எட்டுக் குட்டிகளையும் எத்தனையோ விதமாக மாற்றி மாற்றிப் பிரித்துப் பார்த்தவளுக்கு, கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.