தேசிகன் கேட்ட விலை

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மாதம். ஒரு சனிக்கிழமை காலை ஆர்.கே.பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்துத் திருவள்ளூரில் வந்து இறங்கினாள் சம்பூர்ணம். கைக்கடிகாரம் வாங்கத்தான் வந்தாள், அழகுக்காக அல்ல. ஆர்.கே.பேட்டை சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். அங்கே சுவரில் கடிகாரம் உண்டு. ஆனால் வேலையில் பாதி கிராமத்து வீடுகளில். ஜுரத்தில் கிடக்கும் பிள்ளைகளின் நாடியைக் குத்துமதிப்பாகப் பார்த்து நோட்டில் எழுதும்போது அவளுக்குக் கை கூசும்.

புதுக் கடிகாரத்துக்கு அவள் சம்பளம் எட்டாது. பழசு என்றாலோ பயம். பழவேற்காட்டில் மீன் பிடிக்கும் அவள் அண்ணன் துலுக்காணம் பழைய கடிகாரம் ஒன்று வாங்கினான். ஒரே மாதத்தில் அது நின்றுபோய்விட்டது. நின்ற கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் இன்றைக்கும் கல்யாணங்களுக்குப் போகிறான்.

பழைய கடிகாரம் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கடிகாரக் கடை ஜெயராஜ் சொல்லி அனுப்பியிருந்தார். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு வீட்டில் தேசிகன் காத்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் கார்டு உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். பம்பாயிலிருந்து மகன் புதுக் கடிகாரம் அனுப்பியிருந்ததால் பழையதை விற்க நினைத்தார்.

"இருபத்திரண்டு வருஷம் இதைப் பார்த்துத்தான் கொடி காட்டியிருக்கேன். நூத்திருபது ரூபாய். ஒரு காசு குறைக்க மாட்டேன்" என்றார்.

சம்பூர்ணம் அவசரப்படவில்லை. ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடியில் கீறல்கள் இருந்தன. உள்ளே ஈரம் படிந்த தடம் இல்லை. முகம் மஞ்சளாகியிருந்தது, எண்களில் பூச்சு பிசகாமல் இருந்தது. சாவியை மெல்லத் திருகினாள். எங்கும் சறுக்காமல் சீராக இறுகிக்கொண்டு வந்தது. காதில் வைத்துக் கேட்டாள். ஆறு மணிக்கு மேலே சின்ன வட்டத்தில் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

"பின்னாடி மூடிய தொறந்து காட்டினா தேவல சாமி" என்றாள்.

"தாராளமா. வா, பஜாருக்குப் போகலாம்."

ஜெயராஜின் கடிகாரக் கடை கூப்பிடு தூரம்தான். அதற்குள் தேசிகன் இரண்டு இடத்தில் நின்றார். ஒரு தடவை செருப்பைச் சரி செய்தார்; இன்னொரு தடவை துணிக்கடையை வேடிக்கை பார்த்தார். வயசானவர் என்று சம்பூர்ணமும் நின்று நின்று நடந்தாள்.

ஜெயராஜ் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு மூடியைக் கழற்றினார்.

"துரு இல்ல. ஒரு ஸ்க்ரூ மட்டும் வேற எதுலேர்ந்தோ எடுத்துப் போட்டுக்கிறாங்க. ஓட்டத்துக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல, சிஸ்டர். வெளிய கேட்டா தொண்ணூறு போவும்."

"தொண்ணூறா!" என்றார் தேசிகன். "நூத்திருபது."

சம்பூர்ணத்தின் மனசில் தொண்ணூறுதான் இருந்தது. ஆனால் விலை பேசுமுன் ஒன்று தெரிந்தாகவேண்டும். நொடிமுள் ஒரே சீராக ஓடுகிறதா? மூடியை மாட்டி அவர் தந்த கடிகாரத்தைப் பார்த்துத் தன் நாடியையே ஒரு நிமிஷம் எண்ணினாள். எழுபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். எழுபத்தெட்டு. இன்னொருவர் கையிலும் பார்த்துவிட்டால் நல்லது. ஜெயராஜின் கை வேலையில் இருந்தது. தேசிகனிடம் கேட்கத் தயங்கினாள்; ஆசாரக்காரர், தொடச் சம்மதிப்பாரோ என்னவோ. அவர் புரிந்துகொண்டு தானே கையை நீட்டினார்.

எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். முள் நின்று நின்று ஓடுகிறதோ?

"அண்ணே, இது திக்குதா பாருங்க."

ஜெயராஜ் காதில் வைத்துப் பார்த்தார். "குதிரையாட்டம் ஓடுது."

அவள் மறுபடி அந்தக் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை முழு நிமிஷமும் விடவில்லை. இரண்டு துடிப்பு வேகமாக வந்தது, ஒன்று வரவேயில்லை, பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவர் கணுக்காலைப் பார்த்தாள். செருப்பு வாருக்கு மேலே சதை வீங்கியிருந்தது.

"சாமி, கடியாரம் நல்லா இருக்குது. உங்க நாடிதான் தாறுமாறா அடிக்குது. ராத்திரில மூச்சு வாங்குதா?"

தேசிகன் கையை இழுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"கடிகாரத்துல குத்தம் கிடைக்கலேன்னு என் மேல கண்டுபிடிக்கறியா? பயந்துண்டு தொண்ணூறுக்குக் குடுத்துடுவேன்னு பார்க்கறே!"

"ஐயோ, அப்படி இல்ல சாமி..."

"போறும்மா. எத்தனை பேரத்தைப் பார்த்திருப்பேன்!"

சம்பூர்ணத்துக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் இந்த மனிதர் இப்படியே எத்தனை நாள் தெருவில் நின்று நின்று நடப்பார்? என்ன சொன்னாலும் வாங்க வந்தவள் பேச்சாகத்தான் அவர் காதில் விழும்.

பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். அதில் நூற்றிருபத்தைந்து ரூபாய் இருந்தது. முப்பது ரூபாய் அப்பாவின் வலைக்கு நைலான் நூல் வாங்க வைத்திருந்தது, ஐந்து பஸ்ஸுக்கு. நூற்றிருபதை எண்ணி அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, நீங்க கேட்ட வெல. பேரம் முடிஞ்சிச்சு. இப்ப நான் வாங்க வந்தவ இல்ல, நர்ஸு. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

தேசிகன் பணத்தைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். ஜெயராஜ் லென்ஸைக் கழற்றிவிட்டார்.

"ராத்திரி படுத்தா மூச்சு முட்டறது" என்றார் தேசிகன், குரலை இறக்கி. "ரெண்டு மாசமா உட்கார்ந்துண்டுதான் தூங்கறேன். ஆத்துல சொல்லலை."

ஜெயராஜ் ரிக்‌ஷா கூப்பிட்டார். போகிற வழியில் தேசிகனின் மனைவி கோதைநாயகியையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்த அம்மாள் வழி நெடுக கணவரின் தோளைப் பிடித்தபடியே வந்தாள். டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு உடனே படுக்கை போடச் சொன்னார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். சம்பூர்ணம் கடைசி பஸ்ஸில்தான் ஊர் திரும்பினாள்.

அடுத்த மாதம் நர்ஸுகள் கூட்டத்துக்குத் திருவள்ளூர் வந்தபோது அந்த வீட்டுக்குப் போனாள். தேசிகன் இளைத்திருந்தார்; கால் வீக்கம் வடிந்திருந்தது. அவளைக் கண்டதும் உள்ளே போய் மூன்று பத்து ரூபாய் நோட்டுகளோடு வந்தார்.

"ஜெயராஜ் சொன்னதுதான் நியாயமான விலை. வாங்கிக்கோ. அன்னிக்குப் பேசினதை மனசுல வச்சுக்காதே."

வேண்டாம் என்று சொல்லவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் நீட்டிய விதத்தில், வாங்காவிட்டால்தான் அவருக்கு வலிக்கும் என்று தோன்றியது. வாங்கிக்கொண்டாள்.

"மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க சாமி. நல்லாக்கீதுன்னு நீங்களா உட்டுடக் கூடாது."

"நான் விட்டாலும் இவ விடமாட்டா" என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

கோதைநாயகி வெளியே வந்து, எழுந்த சம்பூர்ணத்தின் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள்.

"எங்கே கிளம்பறே? இலை போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போ."