கொடுக்காமல் விட்ட கை

...இன்னும் ஏழெட்டுப் பேர்தான், அப்புறம் நுவாலாவின் கையைப் பிடித்து எல்லாரும் சொல்வதையே தானும் சொல்லிவிட்டு நகரலாம், ஃபிடெல்மாவுக்கு இந்த வரிசை பிடித்திருந்தது, சாவு வீட்டில் நின்றுகொண்டு பிடித்திருக்கிறது என்று நினைக்கலாமா, ஆனால் பிடித்துத்தான் இருந்தது, நனைந்த கோட்டுகளின் வாடை, அடுக்களையிலிருந்து தேநீர்க் கோப்பைகளின் சத்தம், கூடத்தில் திறந்த பெட்டிக்குள் நுவாலாவின் கணவன் டெக்லன், ஒருவர் தோளில் ஒருவர் இடிக்கிற இந்த நெருக்கம்... அக்கா டிம்ப்னாவின் சக்கர நாற்காலியை ஓரடி தள்ளினாள். "மெதுவாடி, செத்தவன் எந்திரிச்சு ஓடிடவா போறான்?" அந்த வயதில் அந்தக் குரல் எங்கிருந்துதான் வருகிறதோ.

கொரோனா வந்த அந்த வசந்தத்தில் வரிசையும் இல்லை, கையும் இல்லை. ஒரே முதியோர் இல்லத்தில் அவள் கணவன் மலக்கியும் இருந்தான், டிம்ப்னாவும் இருந்தாள், நாடே கதவடைத்தபோது இல்லமும் கதவைப் பூட்டிக்கொண்டது. மலக்கியைக் கொண்டுபோனது கிருமிகூட இல்லை, பழைய இதயநோய், ஃபிடெல்மா வெளியே பூச்செடிகளுக்குள் நின்று சன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள், முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குக் கண்ணாடி வழியாக விடைகொடுத்தாள். சவ வண்டி போனபோது ஊரார் அவரவர் வாசலில் நின்றார்கள், நுவாலாவும் நின்றாள்... முன்னால் நின்ற லோர்கன் திரும்பினான். "ஊரடங்காம் ஊரடங்கு! கட்டின பொண்டாட்டியவே உள்ள விடல. நீங்களே சொல்லுங்க ஃபிடெல்மா, மலக்கிக்கு நடந்தது நியாயமா?" தன்னை ஒரு மணி நேரம் விட்டிருக்கக் கூடாதா, முகத்தை மூடிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு மணி நேரம், ஆனால் பக்கத்து ஊர் இல்லத்தில் யாரோ இரக்கப்பட்டுக் கதவைத் திறந்தார்களாம், பாதிக் கட்டில்கள் காலியாயின, இங்கே ஒரு இருமல்கூட நுழையவில்லை... "அந்தக் கதவு பூட்டலைன்னா நானும் போயிருப்பேன்டா," என்றாள் டிம்ப்னா, "என் சாவுல உனக்கு ஒரு சாண்ட்விச்சும் கிடைச்சிருக்காது, அப்ப சாவுக்குப் பத்து பேருக்கு மேல விடலையே!" வரிசை சிரித்தது, லோர்கனும் சிரித்தான், ஃபிடெல்மாவின் நெஞ்சில் ஏதோ இளகியது, இவள் இருக்கிறாள், இருந்து வாயடிக்கிறாள், அது சின்ன விஷயமா?

முறை வந்தது. நுவாலாவின் கை சூடாக இருந்தது, அத்தனை பேர் பிடித்துப் பிடித்து வந்த சூடு. சொல்லவேண்டியதை ஃபிடெல்மா தொடங்குமுன் நுவாலா முந்திக்கொண்டாள். "உங்க துக்கத்துக்கு வருத்தப்படுறேன், ஃபிடெல்மா." இதென்ன, தலைகீழாக... "அன்னிக்குச் சொல்ல முடியல. கையக் கோட்டுப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னேன். இத்தன வருஷமா உறுத்துது." இத்தனை வருஷம் எங்கோ பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது, அப்பாடா, யாரோ வந்துவிட்டார்கள், மலக்கியின் சாவுக்கு இன்றைக்குத்தான் ஆள் வந்திருக்கிறது, பின்னால் யாரோ செருமினார்கள், செருமட்டும்... வலது கையை நுவாலா விடவில்லை, இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, இடது கை நாற்காலியின் பிடியிலிருந்து வரமாட்டேன் என்றது. தரை சமதளம், நாற்காலி எங்கும் உருண்டுவிடாது, தெரியும். மலக்கியா, அக்காவா என்று அன்றைக்கு அவளை யாரும் கேட்கவில்லை, கதவைப் பூட்டியவர்களே முடிவெடுத்தார்கள், கேட்டிருந்தால்... நல்லவேளை, கேட்கவில்லை.